கமலநாதனின் குதிரைத்தோல்

முதலில் மூக்குதான். கமலநாதன் ஜாக்கெட்டின் கழுத்தை இரண்டு கையாலும் விரித்து, கண்ணை மூடி, முகத்தை உள்ளே விட்டு ஓர் இழுப்பு இழுப்பார். பூஞ்சை வாடை வந்தால் அதோடு சரி. வாய் பேசாமல் கம்பியில் திருப்பி மாட்டிவிடுவார். தேறினால், கட்டைவிரல் நகத்தால் தையலை நெருடிக்கொண்டே ஓர் அங்குலத்துக்கு எத்தனை குத்து என்று எண்ணுவார். ஜிப்பை மூன்று தடவை ஏற்றி இறக்குவார். உள்ளே கைவிட்டு அக்குள் வரைக்கும் துழாவுவார். எல்லாம் சரி என்றால் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன பூதக்கண்ணாடி வெளியே வரும். வெளிச்சத்துப் பக்கமாகத் திரும்பி, தோலில் ஒரு காலத்தில் மயிர் முளைத்திருந்த துளைகளைப் பார்ப்பார்.

"என்ன மிருகம் குரு?"

"அது செத்து நாப்பது வருஷம் இருக்கும் அங்கிள். நான் யாருகிட்ட போயி கேக்குறது?"

கடைக்காரர் குருவுக்கு இது வாராவாரம் நடக்கிற கூத்து. கிள்ளானில், கைப்பேசி விற்கும் கடை ஒன்றுக்கு மேலே, முதல் மாடியில் அவருடைய பண்டல் கடை. ஜப்பான்காரர்கள் உடுத்திக் கழித்த துணிகள் மூட்டை மூட்டையாகக் கப்பலேறி அங்கே வந்து சேரும். சனிக்கிழமை பத்து மணிக்கு மூட்டையைப் பிரிப்பார்கள். ஒன்பதரைக்கே படிக்கட்டில் வரிசை பிடித்து நிற்கிற இளவட்டங்களுக்கு நடுவில், நரைத்த மீசையும் ஃபிளாஸ்க்கில் கோப்பியுமாக ஐம்பத்தாறு வயதுக்காரர் ஒருவர் நிற்பார். மற்றவர்கள் டீ-ஷர்ட்டுக்கு அடித்துக்கொள்வார்கள். இவர் நேரே தோல் தொங்கும் கம்பிக்குப் போவார். அது இல்லாவிட்டால் தடித்த டங்கிரி ஜீன்ஸ், மெழுகு தடவிய கித்தான் கோட்டு, இரண்டு பை வைத்த காக்கிச் சட்டை. பேரங்காடியில் விற்கிற புதுச் சட்டையைக் காட்டினால் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது சட்டையா, டிஷ்யூ பேப்பரா?" என்பார். "பத்து வருஷம் தாங்குமா சொல்லு. அப்புறம் அழகப் பத்திப் பேசலாம்" என்பது அவருடைய ஒரே கட்சி.

வேலை அப்படி. மேரு பக்கத்தில் ரப்பர் கையுறைத் தொழிற்சாலை ஒன்றில் இருபத்தேழு வருடமாகத் தரம் பார்க்கிறவர். கையுறையில் தண்ணீரை நிரப்பித் தொங்கவிட்டு, எங்கேயாவது ஒரு சொட்டு கசிகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்பதுதான் தொழில். ஊசிமுனைத் துளைகள் அளவுக்கு மேல் போனால் மொத்தச் சரக்கையும் திருப்பி அனுப்பிவிடுவார். மேலாளரே வந்து கெஞ்சினாலும் மசிய மாட்டார். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவரின் சட்டைக் காலரைத் திருப்பிப் பார்க்கிற ஆள் அவர். சிலர் கோபித்துக்கொண்டும் இருக்கிறார்கள்.

கிள்ளான் வெயிலில் யார் ஐயா தோல் ஜாக்கெட் போடுவார்கள் என்று கேட்கத் தோன்றும். அவரிடம் கேட்டால் பதில் தயார். எந்தத் திரையரங்கில் ஏர்கான் பல்லை நடுங்க வைக்கும், எந்த எக்ஸ்பிரஸ் பஸ்ஸில் எந்த இருக்கையில் காற்று நேராக மண்டையில் இறங்கும், பிரிக்ஃபீல்ட்ஸில் எந்த மண்டபத்தில் கல்யாணம் என்றால் எதைப் போட்டுப் போகலாம், எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஒரு முறை காப்புறுதி ஏஜெண்டு ஒருவர் வைத்த கூட்டத்துக்குப் போய் இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். காப்புறுதி எடுக்கவில்லை. "ஏர்கான் நல்லா இருந்துச்சு லா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

வீட்டில் ஜாக்கெட்டுகளுக்கென்று தனி அலமாரி. நம் ஊர் ஈரக்காற்றுக்குத் தோல் ஒரே மாதத்தில் பூஞ்சை பூத்துவிடும் என்பதால் உள்ளே இரவும் பகலும் ஒரு குட்டிப் பல்பு எரியும். அவர் மனைவி லோகேஸ்வரி பாலர் பள்ளி ஆசிரியை. கிண்டலுக்குப் பஞ்சம் வைக்காதவர். "சாமிக்கு ஒரு வெளக்கு, சட்டைக்கு ஒரு வெளக்கு. ரெண்டுக்கும் நாந்தான் கரண்டு பில்லு கட்டணும்" என்பார். சாமி அறையும் அந்த அலமாரியும் ஒரே சுவரின் இரு பக்கம்.

லோகாவுக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. கல்யாணமான புதிதில் கமலநாதன் ஒரு ஜாக்கெட்டை மடித்து எடுத்துக்கொண்டு வந்தபோது, வாசலிலேயே கையை நீட்டி மறித்தார். "என்ன தோல்?" கமலநாதனுக்குத் தெரியவில்லை. "ஆடா இருக்கட்டும், குதிரையா இருக்கட்டும், நான் ஒண்ணும் சொல்லல. பால் குடுத்த பசுவ முதுகுல மாட்டிக்கிட்டு இந்த வாசலத் தாண்டக்கூடாது." அன்றைக்கே அது கடைக்குத் திரும்பிப் போனது. காலில் மாட்டும் சப்பாத்து வாசலோடு நின்றுவிடுவதால் அதற்கு மட்டும் விலக்கு. இடுப்பு வார் அன்றிலிருந்து கித்தான்தான். தோல் பார்க்கிற வித்தையை அவர் கற்றுக்கொண்டதும் அதற்குப் பிறகுதான். ஆடு என்றால் மேலே குருணை குருணையாக இருக்கும், குதிரை என்றால் வழவழவென்று மினுங்கும் என்று ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். பூதக்கண்ணாடி வாங்கியதும் அப்போதுதான்.

அப்படிப் பார்த்துப் பார்த்து வாங்கியதுதான் அந்தக் கறுப்பு ஜாக்கெட். பதினோரு வருடத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை மூட்டைக்குள்ளிருந்து வந்தது. முழங்கையிலும் பை ஓரத்திலும் கறுப்பு தேய்ந்து, அடியிலிருந்து பால் ஊற்றாத தேநீரின் நிறம் எட்டிப் பார்த்தது. தோல் தெரிந்தவர்களுக்கு அந்தத் தேய்மானம் என்றால் உயிர். "நூத்துக்கு நூறு குதிர!" என்று கடையிலேயே கூவிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் லோகா "சத்தியமா?" என்று கேட்க, "சத்தியமா" என்றார். போட்டுக் காட்டியபோது லோகா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். "இதுலதான் நீங்க ஆளா தெரியிறீங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே மனிதர் அதை விட மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு, வெயில் ஏறும் முன்னே, இரண்டு பேரும் அவருடைய பழைய பைக்கில் கிளம்புவார்கள். ஒரு வாரம் மோரிப் கடற்கரை, ஒரு வாரம் ஜெஞ்சாரோமில் பசியாறல், ஒரு வாரம் பிரிக்ஃபீல்ட்ஸில் தோசை. ஊரைத் தாண்டி செம்பனைத் தோட்டம் வந்ததும் லோகா அவருடைய வலது தோளில் தாடையை வைத்துவிடுவார். ஹெல்மெட்டும் ஹெல்மெட்டும் இடித்துக்கொள்ளும். அப்படியே அரைத் தூக்கம். ஐந்து நாள் நாற்பது பிள்ளைகளோடு கத்திய களைப்பு அந்தத் தோளில்தான் இறங்கும். பதினோரு வருடமாக அந்த ஜாக்கெட்டின் வலது தோள் அவருடைய தாடைக்குப் பழகிய இடம்.

போன மாதம் ஜிப்பின் ஓட்டி கழன்று வந்துவிட்டது. பழைய கடைவீதியில் ஜிப் மாற்றித் தருகிற சீன அம்மாவிடம் கொண்டுபோனார். எல்லாரும் ஆன்டி என்றே கூப்பிடுவார்கள். ஆன்டி உள்பையை வெளியே இழுத்துப் பார்த்தார். பையின் அடியில் நகத்தளவு ஒரு துணிச்சீட்டு, அதில் ஜப்பான் எழுத்து இரண்டு. கமலநாதன் அதை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறார். துவைக்கிற முறை போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு விட்டுவிட்டார். ஜப்பான்காரர்களுக்கும் சீனர்களுக்கும் அந்த எழுத்து ஒன்றுதான் என்பது அவருக்குத் தெரியாததில்லை. எதிர் வீட்டுச் சீனர் வோங்கோடு தினமும் கேட்டில் நின்று ஊர்க்கதை பேசுகிறவர், ஒரே ஒரு நாள் அதை நீட்டிக் காட்டியிருக்கலாம். தோன்றவே இல்லை.

"லெம்பு" என்றார் ஆன்டி, மலாயில் மாடு.

"குடா, ஆன்டி. குடா" என்று குதிரைக்காக வாதாடினார் கமலநாதன்.

ஆன்டி சிரித்துக்கொண்டே சீட்டைத் தட்டிக் காட்டி, இரண்டு ஆள்காட்டி விரலையும் தலைக்கு மேலே கொம்பாக வைத்துக்கொண்டார். "லெம்பு லா, பாஸ்!"

ஜிப் மாற்றி வாங்கியவர் அதை வீட்டுக்குள் கொண்டுபோகவில்லை. கார் நிற்கும் போர்ச்சில் ஓர் ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போனார். ஒரு துளைக்காகச் சரக்கையே திருப்பி அனுப்புகிற மனிதருக்கு ஒரு வாக்கியம் வாயில் வரவில்லை. நாலு நாள். சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்தார். இரவில் அலமாரிப் பல்பை அணைத்துவிட்டு மறுபடியும் போட்டார். சத்தியம் செய்ததுதான் அவரைத் தின்றது. "நீங்க பொய் சொல்ல மாட்டீங்க" என்பது இந்த வீட்டில் லோகா சாதாரணமாகச் சொல்கிற வாக்கியம்.

"இனிப்பு நீரா? சக்கர ஏறிடுச்சா? கிளினிக்ல என்ன சொன்னாங்க? மறைக்காதீங்க" என்று அஞ்சாம் நாள் லோகா முன்னால் வந்து உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது.

"அதெல்லாம் இல்ல லோகா. அது மாடு."

"எது?"

"அந்தக் கறுப்பு ஜாக்கெட். குதிர இல்ல. மாடு."

லோகா கையால் தன் தாடையைத் தொட்டார். "இத வெச்சு தூங்கினேனே" என்றார். எழுந்து போய்ச் சவர்க்காரம் போட்டு முகத்தைக் கழுவினார். தண்ணீர் வெகு நேரம் ஓடுகிற சத்தம் கேட்டது. அடுத்து அலமாரிக்குப் பின்னாலிருக்கிற சாமி அறைச் சுவரைத் துடைத்தார். திரும்பி வந்து நின்றார். "தெரியாம வாங்குனீங்க. அத நான் பேசல. தெரிஞ்சப்புறம் நாலு நாள் என் மூஞ்சியப் பாத்து சோறு வாங்கி சாப்பிட்டீங்களே, அதான் எனக்கு ஆறல." சொல்லிவிட்டு விளக்கேற்றப் போய்விட்டார். அடி வாங்கியது போல இருந்தது கமலநாதனுக்கு.

சனிக்கிழமை அதை குருவிடம் கொண்டுபோய், "வித்துக் குடுத்துடு" என்றார். குரு நடுக்கடையில் மாட்டினார். கொடுத்ததோடு கமலநாதன் கிளம்பிப் போயிருக்கலாம். அவர் முக்காலி போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். முதலில் வந்தவர் போட்டுப் பார்த்தார். "தோளு எறங்குது தம்பி, ஒங்களுக்கு செட்டாகாது" என்றார் கமலநாதன். அடுத்தவருக்குக் கை நீளம் பத்தாது. மூன்றாவதாக வந்த தாடிக்காரருக்கு அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தியது. கமலநாதன் கொஞ்சம் யோசித்தார். "இடது பையில தையல் விட்டிருக்கு. பாத்துக்குங்க" என்றார். விட்டிருக்கவில்லை. தாடிக்காரர் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்.

"அங்கிள், நீங்க விக்க வந்தீங்களா, காவலுக்கு வந்தீங்களா?" என்றார் குரு. சாயங்காலம் கடை மூடும்போது ஜாக்கெட்டைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்துவிட்டார். கமலநாதன் அதைப் பைக்கின் பின்பெட்டிக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். யாரிடமும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆறரை. கித்தான் கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு அவர் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். லோகா வருவாரோ மாட்டாரோ என்று கேட்கவும் பயம். ஹெல்மெட்டோடு லோகா வாசலில் வந்து நின்றார்.

"அது எங்க?"

"எது?"

"போதுங்க நடிப்பு. குரு போன் பண்ணிட்டான். கடையில நீங்க பண்ண கூத்த ஒண்ணு விடாம சொல்லிட்டான்."

கமலநாதன் பெட்டியைத் திறந்து காட்டினார்.

"எடுத்துப் போடுங்க" என்றார் லோகா. "வீட்டுக்குள்ள வரக்கூடாது. போர்ச்சுல தொங்கட்டும். போட்டுட்டு வந்தா குளிச்சிட்டுத்தான் சாமி ரூம் பக்கம். இனிமே எதுவா இருந்தாலும் அன்னைக்கே சொல்லணும்."

"உனக்குக் கஷ்டமா இருந்தா வேணாம் லோகா. கண்டிப்பா குடுத்துடுறேன்."

"பதினோரு வருஷமா உங்க மேல ஒட்டிக்கிட்டுக் கெடக்கு. யாருக்கோ தூக்கிக் குடுத்துட்டு, ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம செவத்தப் பாத்துகிட்டு உக்காந்திருப்பீங்க. அந்தக் கண்றாவி எனக்கு வேணாம்."

அவர் போட்டுக்கொண்டார். ஜிப் புதிதாக இருந்ததால் கொஞ்சம் முரண்டு பிடித்தது. லோகா ஏறிப் பின்னால் உட்கார்ந்தார். ஒரு சாண் இடைவெளி விட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு, முதுகு நிமிர்த்தி. கமலநாதனுக்குப் புரிந்தது. இவ்வளவாவது வந்தாளே என்று நினைத்துக்கொண்டு கிளட்சை அழுத்தி முதல் கியரைப் போட்டார்.

பின்னால் பிளாஸ்டிக் உறையைக் கிழிக்கிற சத்தம். கோப்பிக்கடைக்காரர்கள் தோளில் போடுவார்களே, சிவப்பு எழுத்துப் போட்ட வெள்ளைத் துண்டு, அதில் புத்தம் புதிதாக ஒன்று. லோகா அதை உதறி, இரண்டாக மடித்து, அவருடைய வலது தோளில் விரித்தார். ஒரு முனையைக் கழுத்துப்பட்டிக்கு அடியில் செருகினார். சுருக்கம் இல்லாமல் இரண்டு தட்டுத் தட்டினார்.

பைக் உறுமிக்கொண்டே நின்றது. கேட் திறந்துதான் கிடந்தது. எதிர் வீட்டு வோங் கை காட்டினார். துண்டின் மேல் அந்தத் தாடை வந்து இறங்கும் வரைக்கும் கமலநாதன் கிளட்சை விடவில்லை.