வலப்பக்கம் மேலே

கல்முனைப் பொது மண்டபத்தின் பின்னறையில், நீள மேசைமேல் பழைய போர்வையொன்றை விரித்து, ஸுலைஹா கிமோனோக்களை அயன் பண்ணிக்கொண்டிருந்தாள். ஜப்பானிய நூதனசாலையொன்று அனுப்பிய கைவினைக் கண்காட்சி அன்று பின்னேரம் திறக்கவிருந்தது. தேநீர்க் கிண்ணங்களும் விசிறிகளும் அரக்குப் பெட்டிகளும் முன்மண்டபத்துக் கண்ணாடிக்குள் போய்விட்டன. உடுப்புகள்தான் மிச்சம். அவற்றை மாட்ட, மண்டபப் பொறுப்பாளர் றம்ஸீன் தன் மச்சானின் புடவைக்கடையிலிருந்து தலையில்லாத பொம்மைகளைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்.

ஸுலைஹா ஒரு காலத்தில் ஊரில் பாதிப் பேருக்குக் கல்யாணச் சட்டை தைத்தவள். புருஷன் மௌத்தான பிறகு தையல் மெஷின்தான் வீட்டை ஓட்டியது. மௌத்தான பெண்களின் மையித்துகளைக் குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றி வந்தவர் படுக்கையில் விழுந்தபோது, பள்ளிவாசலிலிருந்து ஆள் வந்து கேட்டது. ஒரு நாளைக்கென்று போனாள். கை பக்குவம் என்று மறுகா மறுகா கூப்பிட்டார்கள். கல்யாணத் துணி வருவது மெல்ல நின்றுபோனது. முகத்துக்கு நேரே யாரும் எதுவும் சொல்வதில்லை. "உங்களுக்குக் கரச்சல் தரப்படா எண்டுதான் ராத்தா வெளியில குடுத்தம்" என்பார்கள்.

இப்போது பக்கத்து வளவு றுக்ஸானா மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தாள். அவளுடைய உம்மாவுக்குக் கபனிட்டதும் ஸுலைஹாதான். அன்று ஸுலைஹாவைக் கட்டிப்பிடித்து அழுதவள் றுக்ஸானா. "வந்து பாக்கன் ராத்தா. ஜப்பான்காரிக்கே உடுத்துற கையெண்டா நம்மட புள்ளக்கும் தைக்கலாம்தானே" என்று போன கிழமை சொல்லிப்போனாள். பாதி பகிடி, பாதி வாக்கு. ஒரு மணப்பெண்ணின் சட்டை கைக்கு வந்தால் மற்றவர்களும் வருவார்கள். அந்தப் பாதி வாக்கை நம்பித்தான் ஸுலைஹா விடிந்ததும் வந்திருந்தாள்.

கிமோனோவில் பொத்தானும் இல்லை, கொக்கியும் இல்லை. சுற்றிக் கட்ட வேண்டியதுதான். இடப்பக்கத்தை முதலில் மடித்து, வலப்பக்கத்தை மேலே இழுத்து, உள்ளங்கையால் நீவி, பட்டியைக் கட்டினாள். ஒரு சுருக்கம் விழவில்லை.

பொம்மைகள் முன்மண்டபத்துக்குப் போயின. பின்னேரம் சனம் வந்தது. றுக்ஸானா பொம்மைகளைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"என்ன மடிப்பு கா! நேத்துத்தான் துணி எடுத்த நாங்க. வெள்ளயில சரிகை."

"கொண்டு வாங்க. பாப்பம்" என்றாள் ஸுலைஹா.

அப்போதுதான் கண்காட்சியோடு வந்த ஜப்பானியப் பெண் ஹருகா அங்கே வந்து, சட்டென்று நின்றாள். ஸுலைஹாவின் மகள் சிபானாதான் அவளுக்கு மொழிபெயர்ப்பு. ஹருகா அவள் காதோரம் இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். சிபானாவின் முகம் மாறியது.

"என்ன புள்ள சொல்றா?" என்றாள் றுக்ஸானா.

"ஒண்டுமில்ல மாமி."

"சொல்லுங்க மகள்" என்றாள் ஸுலைஹா.

"இடப்பக்கந்தான் மேலால வரணுமாம் உம்மா. வலப்பக்கம் மேலால வாறது… மௌத்தானவங்களுக்காம்."

"யா அல்லாஹ்! அப்ப எல்லா மையித்தயும் எழுப்பி நிப்பாட்டியெல்லுவா வெச்சிரிக்கம்!" என்றார் றம்ஸீன். இரண்டொருவர் சிரித்தார்கள்.

ஸுலைஹா தன் கையைப் பார்த்தாள். கபனில் வலப்பக்கம்தான் மேலே வரும். இத்தனை வருஷப் பழக்கம். கை அவளைக் கேட்கவில்லை.

முதலிலேயே சொல்லாதது தன் பிழை என்று ஹருகா பட்டியை அவிழ்க்க வந்தாள். அம்மா யாருக்கு இப்படி உடுத்துவார் என்று கேட்டாள். சிபானா தயங்கித்தான் சொன்னாள். ஹருகா பட்டியை அவிழ்க்காமல் சிபானாவிடம் மெதுவாக ஏதோ சொன்னாள்.

"அவட உம்மாக்கும் ஒரு பொம்புளதான் இப்படி உடுத்தினவவாம்" என்றாள் சிபானா. "அந்தப் பொம்புளட பேரக்கூட இவ கேக்கல்லயாம்."

"என்ட பேரு ஸுலைஹா எண்டு சொல்லுங்க."

ஒவ்வொரு பொம்மையாக அவிழ்த்து, இடப்பக்கத்தை மேலே போட்டுக் கட்டினாள். கை முரண்டுபிடித்தது, இரண்டு தரம் பிழைத்துத் திரும்பக் கட்டினாள். கடைசிப் பட்டியை இறுக்கிவிட்டு நிமிர்ந்தாள். றுக்ஸானா விசிறிகளுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"றுக்ஸானா, அந்தச் சரிகைத் துணிய எப்ப கொண்டு வாறீங்க? நாளைக்கெண்டாலும் நான் வீட்டதான்."

றுக்ஸானா ஹபாயாவின் கையை இழுத்துவிட்டாள். வெளியே யாரோ கூப்பிட்டதுபோல் வாசல் பக்கம் தலையைத் திருப்பினாள். கிண்ணங்கள் இருந்த கண்ணாடிப் பெட்டியைச் சுற்றிக்கொண்டு, திரும்பிப் பாராமல் மண்டபத்தை விட்டுப் போனாள்.