பேய் கேட்ட ஒரே கேள்வி

அலறலக்காவுக்குத் தொழிலில் இருபத்திரண்டு வருஷ அனுபவம். தொழில் என்னவென்றால், கத்துவது. திரையில் பேய் வாயைத் திறக்கும். டப்பிங் அறையில் மைக்குக்கு முன்னால் நின்று அக்கா கத்துவார். மாடிப்படியில் உருளும் பேய், பீரோவுக்குள் பதுங்கும் பேய், குளியலறைக் கண்ணாடியில் எட்டிப் பார்க்கும் பேய், எல்லாவற்றுக்கும் தொண்டை ஒன்றுதான். இத்தனை படங்களிலும் அவர் பேசிய வசனம் பூஜ்ஜியம். உயிரெழுத்து பன்னிரண்டையும் கத்தித் தீர்த்தாகிவிட்டது; ஒரு மெய்யெழுத்துக்கு வழியில்லை.

வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஊர் லிஃப்ட்டுக் கதவெல்லாம் சரியாக மூடுகிறதா என்று பார்ப்பவர், வீட்டுக்கு வந்தால் வாசற்கதவை ஆவென்று திறந்துபோட்டுவிட்டு நேராக நாற்காலியில் போய் விழுவார். அடுக்களையிலிருந்து அக்கா கேட்பார்: "கதவச் சாத்துனீங்களா?" அவரும் எழுந்திருக்காமலே, "ம், சாத்திட்டேன்" என்பார். இதுவே அவர்களுடைய இல்லறத்தின் முக்கால்வாசி.

மனைவி கத்திய படம் வந்தால் மட்டும் தவறாமல் போவார். ஒவ்வொரு அலறலுக்கும் முழங்கையால் இடித்து, "இது நீதானே?" என்பார். ஒரு தடவைகூட அது அக்காவாக இருந்ததில்லை. ஒருமுறை ரயில் ஊதியதற்கும் இடித்தார்.

போன மாதம் டாக்டர் அக்காவின் தொண்டைக்குள் குழாயை விட்டுப் பார்த்தார்.

"உள்ள காய்ப்பு காய்ச்சிருக்கும்மா. இனியும் கத்துனீங்கன்னா பேசுறதுக்கே குரல் இருக்காது."

"பேசலாமா டாக்டர்?"

"மெதுவாப் பேசலாம்."

"இருபத்திரண்டு வருஷமா அதுக்குத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன், யாரும் விட மாட்டேங்கிறாங்க."

ஆக, கையில் இருந்ததே கடைசிப் படம். அதற்குள் ஒரே ஒரு வாக்கியம், முழுசாக, அர்த்தத்தோடு பேசிவிட வேண்டும் என்பது அக்காவின் ஆசை. பெரிய ஆசைதான்.

படம் ஒரு பழைய பேய் நாவலிலிருந்து எடுத்தது. எந்த நூற்றாண்டோ, நானூறு பக்கம். அக்கா நூலகத்தில் எடுத்து பஸ்ஸில் போகவரப் படித்தார். கதை இதுதான்: மலைமேல் ஒரு பெரிய வீடு. ஒரு குளிர்காலத்தில் கணவன் கதவைச் சாத்த மறந்துவிட, பனிக்காற்றில் கைக்குழந்தை இறந்துபோகிறது. அந்த ஏக்கத்திலேயே தாயும் போய்ச் சேர்கிறாள். பிறகு தினமும் பொழுது சாயும்போது வருவாள். யார் கழுத்தையும் நெரிக்க மாட்டாள். கணவனின் நாற்காலிக்குப் பின்னால் நின்று கேட்பாள்: "கதவைச் சாத்தினீர்களா?" அவ்வளவுதான். நானூறு பக்கத்தில் அந்தப் பேய் ஒருதடவைகூடக் கத்தவில்லை. அந்தக் கேள்வியைப் படித்தபோது அக்கா இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டார்.

சினிமாவில் கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆகும் என்பார்கள். இங்கே கட்டெறும்புக்குக் கொம்பும் வாலும் ஒட்டி யானை என்று விட்டிருந்தார்கள். குழந்தை நடிகர் அழுது அடம்பிடித்ததால் குழந்தை புதையலாக மாறியிருந்தது. கணவன் துப்பாக்கி வித்தை தெரிந்த கதாநாயகன். நாவலில் பதினோரு அத்தியாயம் பெய்யும் பனி, பனி இயந்திரம் பழுதானதால் அரை நிமிஷத்தில் நின்றுவிட்டது. சாதுவான தாய் ஏழு பேரைக் கொன்றாள். நடுவில் ஒரு பாட்டுக்கு ஆடவும் செய்தாள்.

அக்கா டைரக்டரிடம் போனார்.

"சார், புக்குல பேய் கத்தவே கத்தாது. ஒரு கேள்விதான் கேக்கும். ஒரு இடத்துலயாவது அதை வெச்சா..."

"புக்கா? நான் படிக்கலக்கா. படிச்சா கற்பனை கெட்டுப்போயிடும்."

"ஒரே வரிதான் சார்."

"கதவ சாத்துனியான்னு கேக்க அதென்ன பேயா, வாட்ச்மேனா? நீங்க வழக்கம்போலக் கத்துங்க."

பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் முருங்கைமரம் ஏறத்தானே வேண்டும்? அக்கா ஏறினார். கடைசி நாள் மத்தியானத்துக்குள் முப்பத்தாறு அலறல். முப்பத்தேழாவது பாதியில் உடைந்து காற்றாய்ப் போனது. "சூப்பர்! இந்த நேச்சுரல்தான் வேணும்" என்று டைரக்டர் கைதட்டிவிட்டுச் சாப்பிடக் கிளம்பினார்.

மிச்சம் இருந்தது மௌனம். வேலை முடிந்ததும் வெறும் அறையின் சத்தத்தை ஒரு நிமிஷம் பதிவு செய்துகொள்வார்கள். காட்சிகளுக்கு இடையே ஒட்டுப்போட உதவும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்டு அண்ணன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கையைக் காட்டினார். அசையாமல் நில் என்று அர்த்தம்.

சிவப்பு விளக்கு எரிந்தது. அக்கா அசையாமல்தான் நின்றார். வாய் மட்டும் அசைந்தது. உடைந்துபோன தொண்டையில் மிச்சமிருந்ததை எல்லாம் கூட்டி, மெதுவாக:

"கதவச் சாத்துனீங்களா?"

சவுண்டு அண்ணன் சட்டென்று எழுந்தார். தன் முதுகுக்குப் பின்னால் இருந்த கதவைப் போய்த் தள்ளிப் பார்த்தார். சாத்தித்தான் இருந்தது. திரும்பி வந்து, கண்ணாடி வழியாக அக்காவைப் பார்த்தார்.

"அக்கா, இது மௌனம்."

"தெரியும்ணே."

"அழிச்சிடவா?"

"உங்க இஷ்டம்."

அவர் தன் கை மயிரைத் தடவிவிட்டுக்கொண்டார். எல்லாம் நட்டுக்கொண்டு நின்றன. "மௌனத்தை எந்த டைரக்டர்க்கா கேட்டுப் பாக்கப்போறான்?" என்று சொல்லி, அழிக்காமல் விட்டார்.

சிறப்புக் காட்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். அக்காவுக்கு மூன்றாவது வரிசை, பக்கத்தில் வீட்டுக்காரர். ஏழு கொலை வரைக்கும் வீட்டுக்காரர் ஒன்பது தடவை இடித்தார். ஒன்பதும் தப்பு. கடைசிக் காட்சியில் கதாநாயகன் புதையல் பெட்டியோடு நாற்காலியில் உட்கார்கிறான். இசை நிற்கிறது. வெறும் அறை. அந்த வெறுமைக்குள்ளிருந்து வந்தது.

"கதவச் சாத்துனீங்களா?"

அரங்கத்தில் ஒரு இருமல்கூட இல்லை. தயாரிப்பாளர் திரும்பி வெளிவாசலைப் பார்த்தார். அந்த அமைதியில் மூன்றாவது வரிசையிலிருந்து ஒரே ஒரு குரல், பழக்கதோஷத்தில்:

"ம், சாத்திட்டேன்."

சொன்ன பிறகுதான் வீட்டுக்காரருக்கு உறைத்தது. இந்தத் தடவை இடிக்கவில்லை. அக்காவின் பக்கம் திரும்பி, அவர் கையைப் பிடித்துக்கொண்டார். படம் முடிந்து விளக்கு எரியும்வரை விடவில்லை.

வெளியே டைரக்டர் மைக் முன்னால் பேசிக்கொண்டிருந்தார். "நாவலோட உயிரே அந்த ஒரு வரிதான். பல தடவை படிச்சேன். அதை மட்டும் விட்டுக்கொடுக்கவே இல்ல." சவுண்டு அண்ணன் தூணுக்குப் பின்னால் போய் நின்று சிரித்தார். திரையில் வந்த பெயர்ப் பட்டியலில் அக்கா 'மற்றும் பலர்' என்பதற்குள் பத்திரமாக இருந்தார்.

மறுநாள் சாயங்காலம் வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்தார். அடுக்களையில் இருந்த அக்காவின் காலில் காற்று ஜில்லென்று பட்டது. எட்டிப் பார்த்தார். வாசற்கதவு அகலத் திறந்திருந்தது. கதவு தானாக மூடிக்கொள்ளாமலிருக்க, செருப்பு ஒன்று வேறு அடியில் சொருகியிருந்தது. மனிதர் நாற்காலியில் முதுகைக் காட்டி, ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"என்ன இது?"

"அது இல்ல," என்றார் திரும்பாமலே. "ஒழுங்காக் கேளு."