ஒரேயொரு சுட்டிலக்கத்தின் பெறுபேறு

ஒரு வகுப்பு முழுக்கச் சோதனைப் பெறுபேறுக்குக் காத்திருந்தா கெதியாப் போட்டிடுவாங்க. பிள்ளைகள் வந்து நெருக்கும், வீடுகளிலயிருந்து போன் வரும், டியூட்டர்மாருக்கும் தலையிடி. ஒரு ஆளுக்காகப் போடுறதுக்கு ஆருக்கு என்ன அவசரம்? அந்த ஒரு ஆள் நான்.

தாதியர் பயிற்சியில அது எனக்கு ரெண்டாம் வருசம். செய்முறைச் சோதனையில எங்கட பேட்ச்ல எல்லாரும் பாஸ், நான் மட்டும் பெயில். திரும்ப எடுத்தன். நான் திரும்ப எடுத்த அண்டைக்குப் பின்னேரமே மற்றவங்க ரெண்டு கிழமை லீவில பையத் தூக்கிக்கொண்டு வீட்ட போயிட்டாங்க. இந்தத் தரமும் விழுந்தா பேட்ச்ச விட்டிட்டு, எனக்குப் பிறகு வந்த பிள்ளைகளோட இருந்து முழு வருசத்தையும் திரும்பப் படிக்கவேணும். அக்கா, அக்கா எண்டு என்னைக் கூப்பிட்டதுகளுக்குப் பக்கத்தில கதிரை போட்டு இருக்கோணும்.

அறிவித்தல் பலகை விறாந்தையில இருக்கு. கண்ணாடிக் கதவு, அதுக்கொரு பூட்டு, திறப்பு ஆபீஸ் கிளாக்கர்ட மேசையில. காலமையும் பின்னேரமும் போய் நிண்டு பார்ப்பன். தண்ணித் தாங்கி கழுவுற நாள், சீருடைக்கு என்ன நிறச் சப்பாத்து, துலைஞ்சு போன ஒரு ஸ்டெதஸ்கோப். இவ்வளவும்தான் இருக்கும். நாலு நாளில எல்லாம் பாடமாகிட்டுது.

"தங்கச்சி, வெளியால இருந்து வந்த எக்ஸாமினர்ட கையெழுத்து வரோணும். வந்தாப் போடுவம். நீங்க இதில நிண்டு பார்த்தா கெதியா வருமா?" எண்டார் கிளாக்கர்.

"பார்க்காட்டி மட்டும் வருமோ?" எண்டு கேட்டிட்டன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில. அந்த மனிசன் பாவம், சிரிச்சிட்டுக் குனிஞ்சிட்டார்.

முதல் தரம் ஏன் விழுந்தன் எண்டு சொல்லோணும். காயத்துக்கு மருந்து கட்டுறதுக்குக் கிருமி நீக்கின கிளவுஸைப் போட்டாப் பிறகு கை வேற ஒண்டிலயும் படக்கூடாது. கட்டிலில படக்கூடாது, உடுப்பில படக்கூடாது, நோயாளிட நல்ல தோலில கூடப் படக்கூடாது. பட்டா, ஆரும் காணாட்டியும், "பட்டுட்டு" எண்டு வாயால சொல்லி, கழட்டிப் போட்டுப் புதுசு போடவேணும். முதல் மாசமே இதைப் படிப்பிச்சுப் போடுவாங்க. கிருமி ஆர்ட கண்ணுக்கும் தெரியாது. அதால செய்தவள்தான் சொல்லவேணும். சொன்னா ஒண்டு ரெண்டு மார்க்தான் குறையும் எண்டும் சொல்லித் தந்தாங்க.

நானும் நம்பி, முதல் சோதனையில கை பட்டவுடன சொன்னன். சொல்லிப் போட்டுக் கழட்டினன். கை வேர்த்துப் போய், புது கிளவுஸுக்குள்ள ஒரு விரல் போனா மற்ற விரல் போகமாட்டன் எண்டு நிண்டுது. கட்டி முடிக்க முதலே நேரம் முடிஞ்சுது. பெயில். அறையில என்ட சினேகிதி தலையில அடிச்சுக்கொண்டா. "ஏன் கா சொன்னாய்? ஆர் கண்டது? நாங்க எல்லாரும் என்ன, படாமலா கட்டினம்?" எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சன். மறுகா கக்கூசுக்குள்ள போய் நிண்டு அழுதன்.

ரெண்டாந்தரம் எனக்கு வந்த நோயாளி கல்குடாவில கருவாடு போடுற ஒரு பெம்பிள. எங்கட அம்மாட வயசிருக்கும். சீனி வருத்தம். சிப்பி வெட்டின காயம் ஆறாமல், வலது கால் விரலடியில பள்ளமா இருந்தது. சோதனைக்கு முதல் நாள் போய் நோயாளிட்ட விருப்பம் கேட்கிறது எங்கட வழக்கம்.

"சோதனையா? என்ட காலிலயா?" எண்டு அவ சிரிச்சா. "அப்ப நான் என்ன செய்யோணும் மிஸி?"

"சும்மா கிடந்தாப் போதும்மா."

"அது எனக்கு நல்லா ஏலும்."

எனக்கு இது ரெண்டாந்தரம் எண்டதையும், இதிலயும் விட்டா ஒரு வருசம் போகும் எண்டதையும் அவவிட்ட சொல்லிப் போட்டன். ஏன் சொன்னன் எண்டு தெரியல்ல. கேட்க ஒரு ஆள் இருந்தா எனக்கு வாய் நிக்காது. அடுத்த நாள் போனா, மனிசி தலையை வாரி இழுத்து, முகத்துக்கு பவுடர் பூசி, நல்ல சட்டை ஒண்டு போட்டு நேராப் படுத்திருக்கா. அவக்கும் சேர்த்துத்தான் சோதனை போல.

எல்லாம் வடிவாத்தான் போச்சு. பழைய கட்டை அவிழ்த்து, கையக் கழுவி, கிளவுஸ் போட்டு, காயத்தைத் துடைச்சு முடிச்சிட்டன். புதுப் பஞ்சை எடுக்கத் திரும்பேக்க வலது கைச் சின்ன விரல் கட்டில் சீலையில உரசிச்சு. ஒரு நொடி. எங்கட டியூட்டர் குனிஞ்சு எழுதிக்கொண்டு நிண்டா. வெளியால இருந்து வந்தவ மணிக்கூட்டப் பார்த்துக்கொண்டு நிண்டா. நான் வாயத் திறந்தன். திறந்த வாயால, "காலைக் கொஞ்சம் தூக்குங்கம்மா" எண்டன்.

அந்த விரலோடயே கட்டி முடிச்சன். நேரத்துக்கு முதலே.

பிறகுதான் இந்தக் காத்திருப்பு. விடுதியில பத்துக் கட்டில் போட்ட அறையில நான் ஒருத்தி. ஒன்பது நுளம்பு வலையும் முடிச்சுப் போட்டுத் தொங்குது. சமைக்கிறவவும் லீவு. கடையில சோத்துப் பார்சல் எடுத்து வந்து, பாதியைத் திண்டுட்டு மீதியை மூடி வைச்சு, பின்னேரம் அதையே திறந்து திண்பன். யன்னலால வாவியப் பார்த்தா அங்கால கரையில சனம் சைக்கிளில போறது தெரியும். அதுகளுக்கு எங்கயோ போக இருக்கு. ரெண்டாம் நாளே எனக்கு நானே சத்தமாக் கதைக்கத் தொடங்கிட்டன். "எங்க வைச்சன் சீப்பை?" "கட்டிலுக்குக் கீழ பார், மோட்டு." பைத்தியம் பிடிக்கிறது இப்பிடித்தான் எண்டு நினைச்சன்.

எங்கட ஊர் உன்னிச்சைக்கு பஸ் இருக்கு. போயிருக்கலாம். அம்மா ஒவ்வொரு நாளும் போன் எடுப்பா. "வாவன் புள்ள. அப்பா வயல் வட்டையால வந்து கை கால் கழுவ முதல் உன்ட சோதனையத்தான் கேட்கிறார்." வாட்டில வேலை போட்டிருக்காங்க எண்டு பொய் சொன்னன். அந்த முகங்களுக்கு முன்னால இருந்து சோறு தின்ன எனக்கு ஏலாது. விழுந்தாலும் ஏலாது, பாஸ் எண்டாலும் ஏலாது. இதை நான் ஆரிட்டச் சொல்ல?

சினேகிதிக்கு ஒருநாள் போன் எடுத்தன். ஏதோ கலியாண வீடு, பின்னால ஒரே இரைச்சல். "வந்திட்டா?" எண்டா. "இல்ல. உன்னட்ட ஒரு விசயம் சொல்லோணும்..." எண்டு தொடங்க, "கேட்குதில்ல கா, மறுகா எடுக்கன்" எண்டு வைச்சிட்டா. அவ எடுக்கல்ல. எங்கட வட்ஸ்அப் குழுவில அண்டைக்கு அவ உடுத்த சீலைக்கு நூறு இதயம் போட்டிருந்தாங்க. நானும் ஒண்டு போட்டன்.

டியூட்டருக்கே எழுதுவம் எண்டு நினைச்சு, "மிஸ், சோதனை அண்டைக்கு நடந்த ஒரு விசயம்" எண்டு எழுதி அனுப்பிட்டு, உடன அழிச்சன். அழிச்சதும் அங்க தெரியும்தானே. "என்ன அழிச்சீங்க?" எண்டு பதில் வந்தது. "றிசல்ட் எப்ப வரும் மிஸ்?" எண்டு கேட்டன். "பொறுமையா இருங்க" எண்டா. சீ, என்னை நினைக்க எனக்கே அருவருப்பா இருந்தது.

நோயாளி பார்க்கிற நேரம் மத்தியானம். சீருடை போடாமல், மற்ற சனத்தோட சனமா நானும் வாட்டுக்குப் போவன். ஆறுதல் சொல்லவோ கதைக்கவோ இல்ல, அந்தக் காலைப் பார்க்கத்தான் போனன். ரெண்டு நாள் கட்டு காய்ஞ்சு இருந்தது. மூண்டாம் நாள் ஈரம் ஊறி இருந்தது. அஞ்சாம் நாள் கிட்டப் போகவே மணந்துது. அவக்குக் காச்சல். சீனி இறங்கல்ல, அதாலதான் எண்டு டொக்டர் சொன்னாராம். இருக்கலாம். என்ட விரலாலயும் இருக்கலாம். புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தன். ஒரு பக்கம் என்னைக் குற்றவாளி ஆக்கும், அடுத்த பக்கம் விட்டிடும்.

அவவிட புருசன் கடலுக்குப் போற ஆள், மகள் வெளிநாட்டில. கல்குடாவிலயிருந்து ஆரும் ஒவ்வொரு நாளும் வர ஏலாது. நான் போனா மனிசிக்கு முகம் மலரும். "வா புள்ள, இரு" எண்டு கட்டிலில ஒதுங்கி இடம் விடுவா. சோதனைக்கு முதல் மிஸி எண்டவ, எப்ப புள்ள எண்டு மாறினா எண்டு கவனிக்கல்ல. கருவாட்டை எந்தக் காத்துக்குத் திருப்பிப் போடோணும், எந்த மீன் கெதியாப் புழுப்பிடிக்கும் எண்டெல்லாம் சொல்லுவா. கடைசியில கட்டாயம் கேட்பா: "றிசல்ட் போட்டாங்களா?" அந்த ரெண்டு கிழமையும் ஒருநாளும் விடாமல் என்னட்ட அதைக் கேட்ட வெளியாள் அவ ஒராள்தான். கேட்கக் கேட்க எனக்கு எங்கயாவது ஓடிப்போகோணும் போல கிடக்கும்.

வாட்டுக்குப் பொறுப்பான சிஸ்டர் ஒருநாள் என்ட தோளில தட்டினா. "சோதனை முடிஞ்சா நோயாளிட முகத்தையே பார்க்காத பிள்ளைகளுக்குள்ள நீ ஒரு ஆள்தான் வேற மாதிரி. உங்கட டியூட்டரிட்டச் சொல்லுறன்" எண்டா. ஐயோ, சொல்லாதீங்க சிஸ்டர் எண்டன். அதையும் என்ட அடக்கம் எண்டு நினைச்சுக்கொண்டு போனா.

பன்னிரண்டாம் நாள் காலமை கிளாக்கர் திறப்போட வந்தார். ஒரு கடதாசி, ஒரு வரி. என்ட சுட்டிலக்கம், அதுக்கு நேர "சித்தி". பாஸ். நாலு ஊசியும் குத்தி, கண்ணாடியப் பூட்டி, "ட்ரீட் இல்லையா தங்கச்சி?" எண்டார். தாறன் எண்டன். அவர் போயிட்டார். இவ்வளவு நாளும் கண்ணுக்குள்ள எண்ணெய விட்டுக்கொண்டு பார்த்த கடதாசி. கட்டிப்பிடிச்சுக் கத்த அந்த விறாந்தையில ஒரு குருவி இல்ல. அம்மாக்குப் போன் எடுத்தன். அவ அழுதா. நானும் அழுதன், அவ அதைச் சந்தோசம் எண்டு நினைச்சா.

மத்தியானம் வாட்டுக்குப் போனன். அவவிட கட்டில் தலைமாட்டில, ராப் பன்னிரண்டுக்குப் பிறகு சாப்பாடு குடுக்கக் கூடாது எண்டு மட்டை தொங்குது.

"நாளைக்கு ஒப்பரேசனாம் புள்ள. சின்ன விரலையும் பக்கத்து விரலையும் எடுக்கப் போறாங்களாம். உன்ட றிசல்ட்?"

"பாஸ்."

மனிசி கண்ண மூடி, பெரிய மூச்சொண்டு விட்டா. "அப்பாடா. நான் பயந்து போய்க் கிடந்தன். அண்டைக்கு உன்ட கை சீலையில பட்டதை அந்தம்மா கண்டிருப்பாவோ எண்டு."

"நீங்க கண்டீங்களா?"

"காணாம? ஒரு மாசமா எனக்கு மருந்து கட்டுறாங்க. பட்டாக் கழட்டோணும் எண்டு எனக்குத் தெரியாதா? சொன்னா உன்னைப் பெயிலாக்கிப் போடுவாங்க. அதான் வாயப் பொத்திக்கொண்டு கிடந்தன்." மறுகா என்ட முகத்தைப் பார்த்திட்டு, "ரெண்டு விரல்தானே. நடக்கலாமாம்" எண்டா.

இவ்வளவு நாளும் இதைச் சுமக்கிறது நான் ஒருத்தி எண்டு நினைச்சிருந்தன். அவவும் அந்தக் கட்டிலில கிடந்து அதையே சுமந்திருக்கா. அதுவும் எனக்காக. எனக்கு அங்க நிக்க ஏலாமப் போச்சு. அந்த நேரம் பார்த்துப் பொறுப்பு சிஸ்டர் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தா.

"பாஸாமே!" எண்டா சிரிச்சுக்கொண்டு.

"சிஸ்டர், சோதனை அண்டைக்கு என்ட கை கட்டில் சீலையில பட்டது. நான் சொல்லல்ல. அந்தக் கையாலதான் கட்டினன்."

அவவிட சிரிப்பு நிண்டுது. என்னைப் பார்த்தா, காலைப் பார்த்தா. நான் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுக்க முதல் கட்டிலில இருந்து சத்தம் வந்தது.

"என்ன பறையிறா இந்தப் புள்ள? ஒண்டிலயும் படல்ல சிஸ்டர். என்ட காலைத்தானே கட்டினது, நான் கண் வெட்டாமப் பார்த்துக்கொண்டு கிடந்தன்."

சிஸ்டர் எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தா. மறுகா மூச்சை விட்டு, "ரெண்டு கிழமை அந்த விடுதியில தனியக் கிடந்து உனக்கு மூளை கலங்கிப் போச்சு" எண்டா. "போ, கையக் கழுவிட்டு வா. நாளைக்குத் தியேட்டருக்குப் போற கால், இண்டைக்கு நீயே கட்டு."

ஒருக்காச் சொல்லிட்டன். ரெண்டாந்தரம் சொல்லியிருக்கலாம். சொல்லல்ல. கையக் கழுவினன், கிளவுஸ் போட்டன், ரெண்டு கையையும் நெஞ்சுக்கு நேர உயர்த்திப் பிடிச்சுக்கொண்டு கட்டிலடிக்கு வந்தன். மனிசி கட்டில் சீலையை என்ட கையில படாமல் தன்ட கையால அங்கால இழுத்து விட்டிட்டு, காலை நீட்டித் தந்தா.