நாற்பது மைல் என்றால் நாற்பது மைல்தான்

தாம்பரத்திலிருந்து கடலோரமாக மாமல்லபுரம் வரை நடக்க முடியுமா என்று இப்போது பலர் கேட்கிறார்கள். முடியும். நான் மாமல்லபுரத்தையும் தாண்டிப் பத்து கிலோமீட்டர் நடந்திருக்கிறேன். 1992 ஜனவரி, பொங்கல் கழிந்த முதல் சனி, ஞாயிறு. ஏன் தாண்டினேன் என்பதைப் பற்றி ஊரில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

பீர்க்கன்கரணையில் செல்வி என்று ஒரு பெண். போலியோவால் நடக்க முடியாதவள். தாம்பரம் ஸ்டேஷன் பக்கம் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர சைக்கிள் இருந்தால்தான் போய்வர முடியும். விலை இரண்டாயிரம். பிப்ரவரி ஒன்றாம் தேதி அவள் வராவிட்டால் வேறு ஆளை வைத்துவிடுவார்கள்.

என் கடிகாரக் கடைக்கு அடுத்தது நண்பர் காதரின் தையல் கடை. இருவரும் நடந்து பணம் திரட்டுவது என்று முடிவு செய்தோம். நோட்டீஸை நான்தான் எழுதினேன். ‘நாற்பது மைல் நடக்கிறோம். மைலுக்கு இவ்வளவு என்று உங்களால் முடிந்ததைத் தாருங்கள்.’ கையெழுத்துப் போட்டவர்களின் தொகையைக் கூட்டினால் மைலுக்கு ஐம்பது ரூபாய். கணக்குச் சரியாக இருந்தது.

சனிக்கிழமை காலை நாலே முக்காலுக்குக் கிளம்பினோம். பத்தாவது கிலோமீட்டரில் மேடவாக்கம், மணி ஏழு. ஆளுக்கு நாலு இட்லி. அங்கிருந்து சோழிங்கநல்லூர் ஆறு கிலோமீட்டர். இடப்பக்கம் சதுப்பு நிலத்தில் கூழைக்கடாக்கள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருந்தன. “நம்மள மாதிரியே தொப்பையோட கீது பாரு மச்சான்” என்றார் காதர். பத்து மணிக்குக் கடலைப் பார்த்ததும் செருப்பை என் கையில் திணித்துவிட்டு அலைக்குள் ஓடினார். ஐம்பது வயது மனிதர். சட்டை, கைலி எல்லாம் நனைந்து, அது காயும் வரை பாட்டுப் பாடிக்கொண்டே வந்தார். முட்டுக்காடு பாலம் இரண்டு மணி. கோவளம் நாலரை. மொத்தம் முப்பத்தாறு கிலோமீட்டர்.

கோவளத்தில் எங்கள் ஊர்க் கணக்கு வாத்தியார், ஓய்வு பெற்றவர், வாழைப்பழச் சீப்போடு ஸ்கூட்டரில் வந்து காத்திருந்தார். மைலுக்குப் பத்து ரூபாய் எழுதியவர் அவர்தான்.

“இன்னும் நாலுதான் சார். காலைல டிபனுக்கு முன்னாடி முடிச்சிடுவோம்” என்றார் காதர்.

வாத்தியார் பையிலிருந்து நோட்டீஸை எடுத்தார். “நாலு இல்ல பாய், இருபத்தெட்டு. மைல்னு போட்டிருக்கே. நாப்பது மைல்னா அறுபத்துநாலு கிலோமீட்டர்.”

எங்கள் பக்கம் கிலோமீட்டரை யாரும் கிலோமீட்டர் என்று சொன்னதில்லை. வண்டலூர் எவ்வளவு தூரம் என்று கேட்டால் ஏழு மைல் என்பார்கள். கல்லில் ஏழு கிலோமீட்டர் என்றிருக்கும். அந்தக் கல்லுக்கே மைல் கல் என்றுதானே பெயர்? பேசுகிறபடி எழுதினேன். இதில் என்ன பிழை?

“நாப்பது கிலோமீட்டர்ல நிறுத்தினா இருபத்தஞ்சு மைலுக்குத்தான் காசு வரும், சைக்கிள் வராது” என்றார் வாத்தியார். “தப்பா எழுதிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நானே எல்லார்கிட்டயும் பேசி முழுசா வாங்கித் தர்றேன்.”

“தப்பு இல்ல சார். மைல்னு எழுதினேன். மைல்தான் நடப்போம்.”

“யாரு மச்சான் அந்த ‘ப்போம்’?” என்றார் காதர். “என் கால்ல மூணு கொப்புளம் கீது. ஒரு வார்த்தைல முடியற பேஜாரு. அந்தப் பொண்ணு சைக்கிள வெச்சா பந்தயம் கட்டுவே?”

அந்தக் கேள்வி சுட்டது. ஆனாலும் நான் சொல்லவில்லை. மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டு, பொட்டலக் காகிதம் பார்த்து எழுத்துக் கற்றவன் நான். கற்ற எழுத்தை இன்னொருவர் திருத்த விடமாட்டேன்.

மறுநாள் ஐந்து மணிக்கு எழுந்தபோது காதர் எனக்கு முன்பே கொப்புளத்துக்குத் துணி சுற்றி உட்கார்ந்திருந்தார். பதினொன்றரைக்கு மாமல்லபுரம், பதினெட்டு கிலோமீட்டர். அடுத்து சதுரங்கப்பட்டினம் சாலை. ஒவ்வொரு கல்லுக்கும் காதர் கை உயர்த்தி, “சலாம், மைல் சார்” என்றார். நாலாவது கல்லில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

டீக்கடை அம்மா ஒருவர் கேட்டார்: “எங்க போறீங்க நைனா?”

“எங்கயும் இல்லம்மா. இன்னும் ஆறு போய் நின்னுட்டுத் திரும்பிடுவோம்.”

“எதுனா வேண்டுதலா?”

“ஆமாம்மா,” என்று என்னைக் காட்டினார் காதர். “சாமி இதோ, கூடவே வருது.” டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார் அந்த அம்மா.

அறுபத்து நாலு முடிந்த இடத்தில் சவுக்குத் தோப்பும் ஓர் இளநீர்க் கடையும் மட்டும்தான். மணி இரண்டு ஐம்பது. நடந்த தூரத்துக்குச் சாட்சியாக நாங்கள் கொண்டுபோன அட்டையில் இளநீர்க்காரர் கையெழுத்துப் போட்டார். காதர் மணலில் மல்லாந்து படுத்துக்கொண்டு கடலைப் பார்த்துக் கத்தினார்: “நாப்பது மைலு!”

நீங்கள் நடப்பதானால் புதுச் செருப்பு வேண்டாம். கடல் உள்வாங்கியிருக்கும் நேரத்தில் ஈர மணலில் நடங்கள். காய்ந்த மணல் காலை இழுக்கும். பதினொன்று முதல் மூன்று வரை நிழலில் இருங்கள், நாங்கள் இருக்கவில்லை. சிரிக்கத் தெரிந்த ஆளோடு போங்கள்.

வாத்தியார் முதல் ஆளாகப் பணம் தந்தார். சைக்கிள் ஜனவரி முப்பதாம் தேதி வந்தது. ஒன்றாம் தேதி காலை செல்வி ஓட்ட, நானும் காதரும் இரண்டு பக்கமும் நடந்தோம்.

“பூத்து எவ்ளோ தூரம் சார்?” என்றாள்.

“நாலு மைல் இருக்கும்.”

சைக்கிளை நிறுத்தினாள். “உங்க மைலா சார், வாத்தியார் மைலா? கையி வலிக்கும், இப்பவே சொல்லிடுங்க.”

காதர் ரோட்டிலேயே உட்கார்ந்து சிரித்தார். நான் “கிலோமீட்டர்” என்றேன். அந்த ஒரு தடவை அவளுக்காகச் சொன்னது.