கண் இல்லாத மீன்களும் கேள்வியக்காவும்

கேள்வியக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லித் தேடினால் யாரும் ஆளைக் காட்ட மாட்டார்கள். பல் பிடுங்கப் போன இடத்தில், மூன்றாவது தடவையும் பல் முளைத்தால் உங்களுக்கு என்ன நஷ்டம் என்று டாக்டரையே மடக்கியவள். பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்த அவள் கணவர், கல்யாணமான புதிதில் பதில் சொல்லிப் பார்த்தார் பாவம். பிறகு அவள் வாயெடுத்தாலே பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார்.

முப்பத்தொன்பதாவது வயதில் அவளுக்கு ஒரு கல்லூரியின் அடித்தளத்தில் மீன்தொட்டி கழுவும் வேலை கிடைத்தது. தற்காலிகம்தான். இரண்டு வருடம் ஒரு புகாரும் இல்லாமல் ஓட்டிவிட்டால் நிரந்தரம் என்றார்கள்.

அங்கே இரண்டு பெரிய தொட்டிகள். இரண்டிலும் ஒரே இனத்துக் குகை மீன். வெளிறிய ரோஸ் நிறம், கண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தோல். ஒரு தொட்டி மீன்கள் ஒரு குகையிலிருந்து வந்தவை, மற்றவை வெகுதூரத்தில் உள்ள வேறொரு குகையிலிருந்து. முதல் தொட்டிக்குச் சிவப்பு வாளி, இரண்டாவதற்குப் பச்சை வாளி, தப்பித் தவறியும் மாற்றக் கூடாது என்பது சட்டம். சட்டம் போட்டவள் அங்கே ஆராய்ச்சி செய்த பெண். அக்காவைவிடப் பத்து வயது சின்னவள், ஆனாலும் மேடம்.

இதுகளுக்குக் கண் எங்கே போயிற்று என்று அக்கா முதல் நாளே ஆரம்பித்துவிட்டாள். மேடம் சலிக்காமல் சொன்னாள். வெளியே ஆற்றில் கண் கெட்டுப் பிறக்கிற மீன் சீக்கிரம் செத்துவிடும், அதன் கோளாறும் அதோடு ஒழியும். இருட்டுக் குகையில் அதுவும் பிழைத்து முட்டை போடும், கோளாறு குஞ்சுகளுக்கும் போகும். போதாக்குறைக்குக் கண்ணையும் பார்வைக்கான மூளையையும் வளர்க்க நிறைய இரை வேண்டும். குகையில் அதற்குத்தான் பஞ்சம். கண் இல்லாததே அங்கே லாபம். முட்டைக்குள் கண் உருவாகத் தொடங்கும், பிறகு சுருங்கி உள்ளே போய்விடும்.

இதில் பாதி அக்காவுக்குப் புரிந்தது. மீதியை வீட்டுக்குக் கொண்டுபோனாள். ஆரம்பித்ததை ஏன் பாதியில் விட வேண்டும் என்று சாப்பாட்டுக்கு நடுவே கேட்டாள்.

“நீயும்தான் எனக்கு ஸ்வெட்டர் பின்ன ஆரம்பிச்ச,” என்றார் கணவர்.

வேலைக்குச் சேர்ந்து ஒன்றே முக்கால் வருடம் ஆனபோதுதான் அந்த வினை. மேடம் வெளியூர் போயிருந்த சமயம் இரண்டாவது தொட்டி ஒழுக ஆரம்பித்தது. அதை ஒட்டிக் காயவைக்க இரண்டு நாள் ஆகும். அதுவரை மீன்களை எங்கே விடுவது? அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி, போதாததற்குக் கண்ணும் தெரியாது. இரண்டு நாளில் என்ன வந்துவிடப் போகிறது என்று பதினொரு மீனையும் முதல் தொட்டியிலேயே விட்டாள். பிறகு ஒழுங்காக எண்ணிப் பதினொரு மீனைத் திருப்பி எடுத்தாள். எந்தப் பதினொன்று? அது கடவுளுக்கே வெளிச்சம். யாரிடமும் சொல்லவில்லை.

முதல் தொட்டியில் கிடந்த முட்டைகளை மேடம் வந்ததும் கண்ணாடி ஜாடிகளில் பிரித்து வைத்தாள். குஞ்சுகள் பொரித்தன. நாளாக நாளாக எல்லாவற்றுக்கும் கண் மங்கி உள்ளே போனது. ஒரு ஜாடியில் நான்கு குஞ்சுகளுக்கு மட்டும் கறுப்புப் பொட்டாக அப்படியே நின்றது. ஒருநாள் அக்கா கோடு போட்ட துண்டால் அந்த ஜாடியைச் சுற்றித் துடைத்துக்கொண்டிருந்தபோது, நான்கும் கோடுகளோடு சேர்ந்து சுற்றின. அவள் வேண்டுமென்றே எதிர்ப்பக்கம் சுற்றினாள். அதுகளும் திரும்பிச் சுற்றின. அக்காவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. மேடத்தைக் கூப்பிட்டுக் காட்டிய பிறகுதான் தான் செய்தது ஞாபகம் வந்தது.

மேடம் மூன்று நாள் குறிப்பேடுகளைப் புரட்டினாள். கடைசியில் பழி புதிதாக மாட்டிய பெரிய விளக்கின் மேல் விழுந்தது. வெளிச்சம் பட்டுத்தான் கண் தங்கியிருக்கிறது என்று வெள்ளிக்கிழமை பேராசிரியர்கள் கூட்டத்தில் சொல்லப்போவதாக இருந்தாள்.

“இன்னும் பதினெட்டு நாள்ல நிரந்தரம். வாயத் திறக்காத,” என்றார் கணவர்.

திறக்காமல் இருந்திருக்கலாம். வேலை போய்விடுமோ என்ற பயம் அவளுக்கும் இருந்தது. ஆனால் தான் மறைத்ததைச் சேர்க்காமல் கணக்குப் போட்டால் விடை தப்பாகத்தானே வரும்? அந்த மீனுக்கு எப்படிக் கண் வந்தது என்று கடைசிவரை தெரியாமலே போய்விடுமே! அதை அவளால் தாங்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை காலை கூட்டத்துக்கு முன்பே போய் நின்றாள்.

“மேடம், விளக்கு இல்ல. நான்தான்.”

எல்லாவற்றையும் ஒப்பித்தாள். மேடம் பச்சை வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“நாலு வருஷமாப் பிரிச்சு வெச்சேன் அக்கா,” என்று அழுதாள். அக்காவும் அழுதாள். அழுகைக்கு நடுவிலும் அந்தப் பாழாய்ப்போன வாய் சும்மா இருக்கவில்லை.

“ரெண்டு பக்கமும் குருடு. பிள்ளைக்கு மட்டும் கண்ணு எங்கேருந்து வந்துச்சு மேடம்?”

மேடத்தின் அழுகை நின்றது. எழுந்து போய் அந்த ஜாடியைக் கையில் எடுத்தாள். இரண்டு குகை மீன்களுக்கும் கண்ணை உண்டாக்குவதில் கெட்டது ஒரே இடமில்லை என்றாள் மெதுவாக. தாயிடம் கெட்டது தகப்பனிடம் நன்றாக இருந்திருக்கிறது, தகப்பனிடம் கெட்டது தாயிடம்.

“எங்க வீட்டுக்காரர் நின்னுபோன ரெண்டு பஸ்ஸக் கழட்டி ஒண்ண ஓட்டுவாரு. அந்த மாதிரியா?”

“அதே மாதிரிதான் அக்கா,” என்றாள் மேடம், மூக்கைத் துடைத்துக்கொண்டே.

சட்டம் சட்டம்தான். புகாரை மேடமே எழுதிக் கையெழுத்துப் போட்டாள். வேலை போகவில்லை, ஆனால் அந்த இரண்டு வருடம் மறுபடி முதல் நாளிலிருந்து. புது மீன்கள் வரவழைத்து, இந்தத் தடவை தெரிந்தே இரண்டு குகையையும் சேர்த்தார்கள். குஞ்சுகளுக்கு ஒரு மாதமானதும் மேடம் ஆளனுப்பினாள், அந்தக் கோடு போட்ட துண்டோடு வரச் சொல்லி.

அன்று மாலை அக்கா வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினாள். கணவர் வழக்கம்போல் பேப்பருக்குப் பின்னால் இருந்தார். அவள் துண்டை உதறிக் கொடியில் போட்டாள்.

பேப்பர் மெல்ல இறங்கியது.

“எத்தனை குஞ்சு திரும்பிச்சு?” என்று கேட்டார்.