சோற்றுப் பசையில் ஒட்டிய படம்

அக்காவின் கால்பந்தாட்டத்தை முடித்து வைத்தது அப்பா அல்ல, அம்மாவும் அல்ல, மைதானத்து மதில்மேல் உட்கார்ந்து விசிலடித்த தடியன்களும் அல்ல. நான்தான். அதற்கு ஒரு கத்தரிக்கோலும் நாலு பருக்கைச் சோறும் போதுமாக இருந்தன. அப்போது எனக்குப் பத்து வயது. எண்பதுகள் முடியப்போகும் நேரம். கிழக்குத் தாம்பரத்தில் நாங்கள் இருந்த காலனியில் பாதி மனைகள் இன்னும் முள்செடி மண்டித்தான் கிடந்தன.

அப்பா பீச் ஸ்டேஷன் பக்கம் ஓர் அரசாங்க ஆபீசில் கிளார்க். தினமும் மின்சார ரயிலில் போய் வருவார். திரும்பும்போது மாலைப் பேப்பர் ஒன்று வாங்குவார். ரயிலில் நாலு பேர் கை மாறிக் கசங்கிய பிறகு அது எங்கள் வீட்டுக்கு வந்து சேரும். ஆபீசில் அவர் பேச்சை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அதனால்தானோ என்னவோ, பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதுவார். தெருவிளக்கு எரியவில்லை, சாக்கடை அடைத்துக்கொண்டது, பஸ் நிறுத்தத்தில் நிற்பதில்லை. அச்சில் வந்த கடிதத்தை வெட்டி நீளமான நோட்டு ஒன்றில் ஒட்டி, கீழே சிவப்பு மையில் தேதியையும் பத்திரிகையின் பெயரையும் எழுதி வைப்பார். பெண்கள் நாட்டின் கண்கள், அவர்களுக்குத் தனிப் பேருந்து விட வேண்டும் என்று அவர் எழுதிய கடிதமும் அதில் உண்டு. வீட்டுக்கு யார் வந்தாலும் காபிக்கு முன்னால் அந்த நோட்டு வந்துவிடும்.

அக்கா அப்போது பிளஸ் டூ. பள்ளிக்கூடத்தில் த்ரோபால் ஆடுவதாக வீட்டில் சொல்லியிருந்தாள். த்ரோபாலுக்கு எந்த அப்பாவும் மறுப்புச் சொல்வதில்லை. நின்ற இடத்தில் நின்று, தாவணி கலையாமல் பிடித்துப் போடுகிற ஆட்டம். சர்டிபிகேட் கிடைத்தால் காலேஜில் இடம் வாங்க உதவும் என்ற நியாயமும் இருந்தது. ஆனால் அவள் ஆடியது கால்பந்து. வயசுப் பெண்ணைத் தனியாக அனுப்பக்கூடாது என்று என்னையும் துணைக்கு அனுப்பினார்கள். பத்து வயதுக்காரி பதினேழு வயதுக்காரிக்கு என்ன காவல் என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. ஆக, அந்த ரகசியம் தெரிந்த ஒரே ஆள் நான் என்று நினைத்துப் பெருமையாக இருந்தேன்.

பள்ளியின் பி.டி. டீச்சர்தான் பதினொரு பெண்களைத் தேடிப் பிடித்து, ரயில்வே மைதானத்தின் ஒரு மூலையை அங்கே ஆடுகிற ஆண்களிடம் கெஞ்சி வாங்கியிருந்தார். அவருக்கு முப்பத்தைந்து வயது, கல்யாணம் ஆகவில்லை, முடியைக் கழுத்தோடு வெட்டியிருப்பார். இந்த மூன்றுக்கும் காலனியில் தனித்தனியாகப் பேச்சு இருந்தது.

அக்காவுக்கு டீச்சர் ஒரு பழைய பூட்ஸ் கொடுத்திருந்தார். எந்த ஆம்பிளைப் பிள்ளையோ போட்டுத் தேய்த்தது. இரண்டு சைஸ் பெரியது என்பதால் முனையில் துணியைத் திணித்துப் போட்டுக்கொள்வாள். வீட்டில் அதைக் கொல்லைப்புறத்தில் வெந்நீர் பாய்லருக்குப் பக்கத்தில், கொட்டாங்கச்சி வைத்திருந்த சாக்குக்குள் ஒளித்து வைத்தாள். அம்மா தினமும் காலையில் கை விட்டுக் கொட்டாங்கச்சி எடுக்கிற சாக்கு அது. அம்மா கையில் அது ஒருநாளும் தட்டுப்படாதது அக்காவின் கெட்டிக்காரத்தனம் என்றுதான் நம்பினேன்.

வீட்டில் அக்கா பூனை மாதிரி நடப்பாள். அடுப்படியிலிருந்து அவள் பேசினால் கூடத்துக்குக் கேட்காது. மைதானத்தில் பாவாடை தாவணியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, முழங்கால் வரை தொங்கும் டிராயரோடு இறங்கினால், "ஏய், இங்க போடுடி!" என்று அவள் போடுகிற சத்தம் ரயில் சத்தத்தையும் தாண்டும். முதல்நாள் அதைக் கேட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது. யாரோ வேறு ஒருத்தி என்று பயந்துபோனேன்.

ஆவணி மாதம் வடசென்னையிலிருந்து ஒரு பெண்கள் அணியை வரவழைத்து டீச்சர் ஓர் ஆட்டம் வைத்தார். அதற்கு வந்த கூட்டத்தை நான் அதற்கு முன் அந்த மைதானத்தில் பார்த்ததில்லை. மதில் முழுக்க ஆண்கள். "இன்னாடா இது, பொண்ணுங்க டிராயர் மாட்டிகினு ஓடுதுங்க!" என்று ஒருத்தன் கத்தினான். அதற்கு மேல் அவர்கள் சொன்னதில் பாதி எனக்குப் புரியவில்லை. புரிந்த மீதியை இங்கே எழுத முடியாது. இரண்டாவது பாதியில் அக்கா மூன்று பேரைத் தாண்டிக் கொண்டுபோய்க் கோல் போட்டாள். ஒரு மூச்சு நேரம் விசில் நின்றது. பிறகு முன்னைவிடப் பலமாக ஆரம்பித்தது.

மறுநாள் மாலைப் பேப்பரில் படம் வந்துவிட்டது. 'காளையருக்குச் சவால் விடும் கன்னியர்' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. கீழே அக்காவின் பெயர், பள்ளியின் பெயர், வருகிற ஞாயிற்றுக்கிழமை மாநில அணிக்கான தேர்வுக்குப் போகிறாள் என்ற செய்தி. டீச்சர் ஒரு பேப்பர் வாங்கி வந்து அக்காவிடம் கொடுத்தார். மாநில அணியில் எடுத்துவிட்டால் வடக்கே எங்கேயோ போய் ஆட வேண்டும், ரயிலில் இரண்டு நாள் போகணும் என்றார். அக்கா படத்தைக் கத்தரித்து பிசிக்ஸ் புத்தகத்தின் பிரவுன் அட்டைக்குள் வைத்துக்கொண்டாள். அன்று வீடு வரை என் கையை வலிக்கும்படி பிடித்துக்கொண்டு நடந்தாள்.

அன்று மாலை அப்பா பேப்பர் இல்லாமல் வந்தார். தீர்ந்து போச்சு என்றார். சாப்பிடும்போது ரசம் மட்டும் ஊற்றிக்கொண்டார். கை கழுவி வந்து, யாரையும் பார்க்காமல், "ஞாயித்துக்கிழமை உன் த்ரோபாலுக்கு எத்தனை மணிக்குப் போகணும்?" என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அக்கா வீட்டில் இன்னும் வாயே திறக்கவில்லை. அவள் தட்டிலிருந்து தலையை எடுக்காமல் காலையில் ஏழு மணிக்கு என்றாள். "இருட்டறதுக்குள்ள வந்துடு" என்று சொல்லிவிட்டு அப்பா ரேடியோவைத் திருகப் போனார். எனக்கு அது ஒரு பேச்சாகவே படவில்லை. அப்பளம் இன்னொன்று கிடைக்குமா என்பதில் கவனமாக இருந்தேன்.

அந்தச் சமயத்தில் மூன்று மாதமாக அப்பாவின் கடிதம் எதுவும் அச்சில் வரவில்லை. நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, காலியாக இருந்த பக்கத்தைப் பார்த்தபடி அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். ரகசியத்தைக் காப்பாற்ற வேண்டும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அச்சில் வந்துவிட்ட பிறகு அது எப்படி ரகசியம்? எங்கள் வீட்டில் அச்சில் வந்ததற்கெல்லாம் மரியாதை. அக்காவின் பெயரும் படமும் அப்பாவின் எந்தக் கடிதத்தையும்விடப் பெரிய இடத்தில் வந்திருந்தன. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிசிக்ஸ் புத்தகத்திலிருந்து படத்தை எடுத்து, ஓரத்தை இன்னும் நேராக வெட்டி, சோற்றுப் பருக்கையை நசுக்கித் தடவி, அப்பாவின் நோட்டில் காலிப் பக்கத்தில் ஒட்டினேன். கீழே சிவப்பு மையில் தேதியும் போட்டேன். எதிர்ப்பக்கத்தில்தான் நாட்டின் கண்கள் கடிதம் இருந்தது.

சனிக்கிழமை மாலை காலனி சங்கத்து ஆட்கள் நாலு பேர் சாக்கடைக்கு மனு எழுத வந்தார்கள். வழக்கம்போல நோட்டு வந்தது. நான் கதவோரம் நின்றுகொண்டேன். அப்பா விரலை நாக்கில் தொட்டு ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிக்கொண்டே வந்தார். கடைசிப் பக்கம் வந்ததும் கை நின்றுவிட்டது. படத்தில் அக்கா வலது காலை ஓங்கியிருந்தாள், எதிரே பந்து. நாலு பேரும் பார்த்தார்கள். இது யார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. பிறகு செயலாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "நாங்க அன்னிக்கே பேப்பர்ல பார்த்துட்டோம் சார். நீங்க ஒண்ணும் சொல்லலையே, நாம ஏன் கேக்கணும்னு விட்டுட்டோம். ஒட்டியே வச்சிருக்கீங்க! தைரியம்தான் சார் உங்களுக்கு" என்றார். பக்கத்திலிருந்தவர் சிரிப்பை மறைக்க டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனார்.

"நான்தாம்பா ஒட்டினேன்" என்றேன். பாராட்டு வேறு யாருக்காவது போய்விடக்கூடாதே என்ற கவலை.

அவர்கள் போன பிறகு அப்பா அக்காவைக் கூப்பிட்டார். கை ஓங்கவில்லை, சத்தம் போடவில்லை. த்ரோபால் என்றுதானே சொன்னாய் என்று கேட்டார். "ஆடினதுகூடப் பரவாயில்ல. பொய் சொன்ன பாரு" என்றார். அவ்வளவுதான். அக்கா அவர் காலில் விழுந்தாள். நாளைக்கு ஒருநாள் மட்டும்ப்பா, ஒரே ஒரு நாள் என்று அவள் கெஞ்சியது இப்போதும் என் காதில் கேட்கிறது. அப்பா காலை உள்ளே இழுத்துக்கொண்டார். நான் இன்னும் பாராட்டுக்குக் காத்திருந்தேனா, பயந்துபோனேனா என்று நினைவில்லை. என்னை யாரும் திட்டவில்லை. அதுதான் விசித்திரம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ரப்பர் எரிகிற நாற்றத்தில் கண் விழித்தேன். அம்மா பாய்லர் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். சாக்கில் எங்கே தேட வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. நேராகக் கை விட்டு எடுத்திருந்தாள். பக்கத்து வீட்டு மாமி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து என்ன நாற்றம் என்று கேட்டதற்கு, பழைய டயர் என்றாள். அவள் முகம் முழுக்கக் கரி, கண்ணீர் இறங்கிய இடத்தில் மட்டும் கோடு. புகை என்று நினைத்தேன். அந்த வெந்நீரில்தான் அன்று எல்லோரும் குளித்தோம், அக்கா உட்பட.

ஸ்டேஷனில் காத்திருந்து பார்த்துவிட்டு எட்டு மணிக்கு டீச்சர் வீட்டுக்கே வந்துவிட்டார். அப்பா உட்காரச் சொன்னார், காபி கொடுக்கச் சொன்னார். டீச்சர் மூச்சு விடாமல் பேசினார். இப்படி ஒரு பெண் பத்து வருஷத்துக்கு ஒருமுறைதான் கிடைப்பாள் என்றார், அடுத்த ரயிலைப் பிடித்தால்கூடப் போய்விடலாம் என்றார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அப்பா மிகவும் மரியாதையாக ஒன்றே ஒன்று கேட்டார். "உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா டீச்சர்?" டீச்சர் பாதிக் காபியோடு டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனார். கதவுக்குப் பின்னால் ஈரத்தலையோடு நின்றிருந்த அக்கா, அவர் செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்டதும் உள்ளே போய்விட்டாள்.

கார்த்திகையில் படப்பையிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பூர்வீக நிலம், கடைத்தெருவில் உரக்கடை, ஒரே பையன். பையனின் அத்தை அக்காவை வாசல் வரை நடந்து திரும்பி வரச் சொன்னார். நடை சரிதான் என்று பட்டிருக்க வேண்டும், பிறகு பாதத்தைப் பார்த்தார். "கட்டை விரல் நகம் ஏம்மா இப்படிக் கறுத்துக் கெடக்கு?" அப்பா சிரித்துக்கொண்டே, "ஸ்கூல்ல த்ரோபால் ஆடுவா. அதுல பட்டது" என்றார். நான் வாயைத் திறந்தேன். அம்மா என் தொடையில் கிள்ளிய இடம் ஒரு வாரம் கன்றிப்போயிருந்தது. பொய் சொன்னதற்காகத்தான் அக்காவுக்குத் தண்டனை என்று நம்பிக்கொண்டிருந்தவள் நான். அதே பொய்யை அப்பா சொன்னதும் எனக்குத் தலை கால் புரியவில்லை.

தை மாதம் கல்யாணம். இப்போது பொத்தேரி பக்கம் போனால், கல்லூரிப் பெண்கள் பேர் போட்ட பனியனோடு பந்து விரட்டுவதைக் காண முடிகிறது. அவர்களின் அப்பாக்கள் ஓரத்தில் நின்று செல்போனில் படம் எடுக்கிறார்கள். ஒருமுறை அக்காவோடு அந்த வழியாகப் போனபோது காரை நிறுத்தட்டுமா என்று கேட்டேன். மூட்டு வலிக்குது, வீட்டுக்குப் போகலாம் என்றாள்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு, ஒரு மத்தியானம், அப்பாவின் நோட்டை ரகசியமாக எடுத்துப் பார்த்தேன். கிழித்துப் போட்டிருப்பார் என்று நினைத்த படம் அங்கேயே இருந்தது. ஆனால் இடுப்புக்குக் கீழே நேர்கோட்டில் வெட்டி எடுத்திருந்தார். அக்காவின் முகம், விரித்த கைகள், பறக்கிற பின்னல், திறந்த வாய். காலும் பந்தும் இல்லாமல் அவள் எதையோ கண்டு அலறுவது போல இருந்தாள். நான் ஓடிப்போய், மருதாணி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அக்காவிடம் அப்பா படத்தைக் கிழிக்கவில்லை என்று சொன்னேன்.

"பந்து இருக்கா?" என்று கேட்டாள்.

"இல்ல. மூஞ்சி நல்லா இருக்கு."

அவள் கோபமே இல்லாமல், "நீ ஒட்டாம இருந்திருந்தா அப்பா பார்க்காமலே இருந்திருப்பாருடி" என்றாள்.

பேப்பரில் வந்ததை ஊரே பார்த்த பிறகு அப்பா மட்டும் எப்படிப் பார்க்காமல் இருப்பார்? பிளஸ் டூ படிக்கிறவளுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் பேப்பர் ரயிலில் கை கையாக மாறியபோது அப்பா அங்கேதான் உட்கார்ந்திருந்தார் என்பதும், இருட்டுவதற்குள் வந்துவிடு என்பதற்கு மேல் அவரால் சம்மதம் சொல்ல முடியாது என்பதும், அதைச் சொல்லவே அவர் எவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டும் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் நான் ஒரு நல்ல செய்தி கொண்டு வந்திருக்கிறேன் என்பதுதான். அதற்கு அக்கா ஏதாவது தருவாள் என்று அவளுடைய மருதாணிக் கையைப் பார்த்தபடி நின்றிருந்தேன்.