சவுரியாயி கேட்ட வரம்

சவுரியாயிக்குக் கல்யாணமான மறுவருஷமே அவள் புருஷன் சூசை, கண்டிச் சீமைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போனான். ராசிபுரம் பக்கம் மழை பொய்த்துக் கிணறெல்லாம் வற்றிக் கிடந்த காலம் அது. இரண்டே வருஷத்தில் திரும்பிவிடுவதாகச் சொன்னான். மூன்று வருஷம் கடிதம் வந்தது. பிறகு நின்றுபோயிற்று.

அவள் வாழ்கிறவளா, அறுத்தவளா என்று ஊருக்கே தெரியவில்லை. பங்காளிகள் தாலியைக் கழற்றிவிடச் சொன்னார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. விடியலில் மாதா கோவிலைக் கூட்டிவிட்டுக் காட்டு வேலைக்குப் போனாள்.

தைப் பனியில் வரும் மெழுகுதிரித் திருநாள் அவளுக்குக் கிறிஸ்துமஸைவிடப் பெரியது. பிறந்த நாற்பதாம் நாள் குழந்தை சேசுவைத் தேவமாதா ஆலயத்துக்குக் கொண்டுபோனதை அன்றைக்குச் சொல்வார்கள். ரட்சகரைக் காணாமல் சாவதில்லை என்று வாக்குப் பெற்றிருந்த சிமியோன் கிழவர், அந்தப் பிள்ளையைக் கையில் ஏந்தியதைச் சொல்வார்கள். மந்திரித்த திரியோடு எல்லோரும் கோவிலைச் சுற்றி வரும்போது, 'கிழவருக்குக் காட்டினாயே, எனக்கும் அவரைக் காட்டு' என்று அவள் மனசுக்குள் கேட்பாள். காற்றில் திரி அணைந்தால் அந்த வருஷம் அவன் வரமாட்டான் என்று அவளாகவே ஒரு நம்பிக்கை வைத்திருந்தாள். சில வருஷம் அணையாமலும் இருந்தது. அப்போதும் அவன் வரவில்லை.

பதினாலாம் வருஷம், திருநாளுக்கு மூன்று நாள் முன்னால் தங்கசாமி வந்தான். தோட்டத்தில் சூசைக்குப் பக்கத்து வீட்டில் இருந்தவன். தோளில் மூன்று வயதுப் பெண் குழந்தை. வாசலில் நின்றபடியே சொன்னான்.

"காய்ச்சல்ல சூசையண்ணன் போயிட்டாருங்கக்கா. அங்க ஒருத்தியோட குடும்பம் பண்ணியிருந்தாருங்க. அவளும் அதே வாரத்துல போயிட்டா. பிள்ளையச் சவுரியாயிகிட்டக் கொண்டுபோய்ச் சேத்துருன்னாருங்க. அதான் கடைசிப் பேச்சு."

சவுரியாயி அழவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பக்கத்து வீட்டு ஆத்தாயி பிள்ளையை வாங்கிக் கஞ்சி கொடுத்துத் தன்னோடு வைத்துக்கொண்டாள். அன்றைக்கே தாலியைத் தன் கையாலேயே கழற்றி வைத்தாள் சவுரியாயி. சாவு சுட்டதா, அந்த இன்னொருத்தி சுட்டாளா என்று அவளுக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. கடைசிப் பேச்சில் தன் பெயர் வந்ததே என்று உள்ளே ஒரு சந்தோஷம் எட்டிப்பார்த்தது; அதற்காக வெட்கப்பட்டாள்.

திருநாளன்று கோவிலுக்குப் போனாள். திரி வாங்கவில்லை. தமிழ் கற்றிருந்த வெள்ளைக்காரச் சாமியார் வழக்கம்போலப் பிரசங்கம் செய்தார். ஜனங்கள் படையோடு வரும் ராஜாவுக்குக் காத்திருந்தார்கள், வந்ததோ புறாக்குஞ்சு காணிக்கை கொண்டுவந்த ஏழைப்பெண்ணின் கைப்பிள்ளை என்றார். பூசை முடிந்ததும் அவள் அவர் முன்னால் போய் நின்றாள்.

"சாமி, நான் கேட்டது அவரைங்க. வந்தது அவரு பிள்ளைங்க."

அவருக்கு ஏற்கெனவே சேதி தெரியும்.

"சிமியோனும் பிள்ளையைக் கேட்கவில்லை, அம்மா. ஜனத்துக்கு மீட்பைக் கேட்டார். கைக்கு வந்தது பிள்ளை."

எடுத்துக்கொள் என்று அவர் சொல்லவில்லை. அவளும் மேற்கொண்டு கேட்கவில்லை.

ஆத்தாயி வீட்டு வாசலில் குழந்தை மூக்கு ஒழுக நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தது. சவுரியாயி குனிந்து தூக்கினாள். அது அழவுமில்லை, ஒட்டவுமில்லை, கட்டையாய் விறைத்துக்கொண்டது. தன் வீட்டு நடையைத் தாண்டுவதற்குள் தோளில் தலை சாய்ந்துவிட்டது. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

செல்லக்கண்ணு என்று சூசை வைத்த பெயரை அவள் மாற்றவில்லை. பிள்ளை ஆத்தா, ஆத்தா என்று அவள் முந்தானையைப் பிடித்தே வளர்ந்தது. ஆனாலும் ஏக்கம் தீரவில்லை. தோட்டத்துக்குத் திரும்பாத தங்கசாமி வரும்போதெல்லாம், அவருக்குத் தலை நரைத்திருந்ததா, கையைத் தலைக்கு வைத்துத்தான் படுப்பாரா என்று கேட்பாள். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டு வருஷத்தில் தீர்ந்துபோயிற்று. பிறகு இட்டுக்கட்டிச் சொன்னான். அது அவளுக்கும் தெரியும். இருந்தாலும் கேட்டுக்கொண்டிருந்தாள்.